வாசகர் கேள்வி-பதில்: “யோசித்து நீங்களே சொல்லுங்கோ” என்று டொக்டர் சொன்னால்

சென்ற இதழில் இரவில் அடிக்கடி சலம் போக எழும்புவது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புரொஸ்டேட் (ஆண்களுக்குச் சலப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி) புற்றுநோய் பற்றியவை, அதுவும் ஆரம்பத்திலேயே பிடிபட்டு, என்ன சிகிச்சை எடுப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுடையவை. வாழைச்சேனையிலிருந்து திருக்கோவில் வரை எழுதியிருக்கிறார்கள். யாருடைய பெயரையும் போடவில்லை. நான் டொக்டர் இல்லை. சத்திரசிகிச்சை வார்டிலும் சலவழி நோய்க் கிளினிக்கிலும் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர். கிளினிக்கில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்கு இந்தப் பதில்கள் உதவட்டும்; முடிவை உங்கள் ரிப்போட்டைக் கையில் வைத்திருக்கிற நிபுணரோடு கதைத்துத்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு 64 வயது. படுவான்கரையில் வயல் செய்கிறேன். புரொஸ்டேட்டுக்கான இரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. 7.2 வந்தது. பயொப்சியில் ஊசியால் எடுத்த 12 சதைத் துண்டுகளில் இரண்டில் புற்றுநோய், க்ளீசன் 3+3=6 என்று எழுதியிருக்கிறது. டொக்டர், “சிகிச்சை இல்லாமல் பார்த்துக்கொண்டும் இருக்கலாம், ஒப்பரேஷனும் செய்யலாம், கதிர்ச்சிகிச்சையும் வைக்கலாம், யோசித்து நீங்களே சொல்லுங்கோ” என்கிறார். படித்தவர் அவர், என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வது? சுவிஸில் இருக்கிற மகன் உடனே வெட்டி எடுக்கச் சொல்கிறான். பத்துக்கு ஆறு என்றால் பாதி தாண்டிவிட்டதுதானே? என் மச்சானுக்கும் இதே ஒப்பரேஷன்தான், மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? வெள்ளாமை வெட்டி முடியும் வரை பொறுக்கலாமா?
– களுவாஞ்சிக்குடி வாசகர்

பதில்: ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பொறுக்கலாம். வெள்ளாமையை வெட்டி நெல்லை ஏற்றிவிட்டு வந்து யோசித்தாலும், அந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் இந்த நோய் கைமீறிப் போகாது. பி.எஸ்.ஏ. 10க்குக் கீழே, க்ளீசன் 6, விரல் விட்டுப் பார்க்கும் பரிசோதனையில் ஒன்றும் தட்டுப்படவில்லை அல்லது ஒரு பக்கத்தில் சின்னதாகத் தட்டுப்பட்டது, இந்த மூன்றும் சேர்ந்தால் குறைந்த ஆபத்துள்ள வகை என்பார்கள். மூன்றாவதை நீங்கள் எழுதவில்லை. கிளினிக் கொப்பியில் இருக்கும், பாருங்கள்.

‘பத்துக்கு ஆறு’ என்பதைப் பார்த்து முகம் கறுத்து உட்கார்ந்த எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். க்ளீசன் பூச்சியத்தில் தொடங்குவதில்லை. 1966இல் அமெரிக்க நோயியல் வைத்தியர் டொனால்ட் க்ளீசன் கொண்டுவந்த முறை அது. கலங்கள் எவ்வளவு ஒழுங்கு குலைந்திருக்கின்றன என்று நுணுக்குக்காட்டியில் பார்த்து 1 முதல் 5 வரை இலக்கம் கொடுத்து, முக்கியமான இரண்டு இலக்கங்களைக் கூட்டுவார்கள். இந்தக் காலத்தில் பயொப்சியில் 3க்குக் குறைந்த இலக்கம் பொதுவாகக் கொடுப்பதில்லை. ஆகவே 3+3=6 தான் ஆகக் குறைந்தது. ஆறைப் பார்த்துச் சனம் பயப்படுவது எல்லா நாட்டிலும் நடந்ததால், 2014இல் நிபுணர்கள் கூடி 1 முதல் 5 வரை புதிய தர வரிசையை ஏற்றுக்கொண்டார்கள். அந்த வரிசையில் உங்களுடையது 1. இந்தத் தரம் மட்டும் உள்ள நோய் வேறு இடத்துக்குப் பரவுவது மிக மிக அரிது. இதைப் புற்றுநோய் என்று பெயரிட்டு ஆட்களைப் பயப்படுத்த வேண்டுமா என்று கூட நிபுணர்கள் விவாதிக்கிறார்கள்.

மச்சானுக்கு நடந்தது வேறு ஒப்பரேஷன் என்றுதான் நினைக்கிறேன். வயதோடு புரொஸ்டேட் பருத்துச் சலம் தடைப்பட்டால், சலவழிக்குள்ளால் கருவியை விட்டு அடைத்துக்கொண்டிருக்கிற பகுதியைச் சுரண்டி எடுப்பார்கள். அதில் வயிற்றில் வெட்டு இல்லை, சில நாளில் வீட்டுக்குப் போய்விடலாம். புற்றுநோய்க்குச் செய்யும்போது சுரப்பி முழுவதையும் விந்துப் பைகளோடு எடுத்து, சலப்பையைக் கீழே சலவழியோடு திரும்பப் பொருத்தித் தைக்க வேண்டும். குழாய் ஒரு கிழமை, இரண்டு கிழமை உள்ளே இருக்கும். ஊரில் இரண்டையும் ‘புரொஸ்டேட் ஒப்பரேஷன்’ என்றே சொல்வதால், ஒருவர் பட்டதை வைத்து இன்னொருவர் முடிவெடுத்துவிடுகிறார். இது எனக்கு நெடுநாள் கவலை. யாராவது தன் கதையைச் சொல்ல வந்தால், “உங்களுக்குப் புற்றுநோய் இருந்ததா, சுரப்பியை முழுதாக எடுத்தார்களா” என்று கேட்டுவிட்டு மிச்சத்தைக் கேளுங்கள்.

சரி, டொக்டர் ஏன் உங்களிடமே கேட்கிறார்? மூன்று வழியில் எது உயிரைக் காக்கும் என்று அவர் அறிந்திருந்தால் அதையே சொல்லியிருப்பார். பிரித்தானியாவில் ‘ப்ரொடெக்ட்’ என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஆரம்ப நிலைப் புரொஸ்டேட் புற்றுநோய் உள்ள, 50 முதல் 69 வயது வரையான 1643 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்து, 15 வருடம் பின்தொடர்ந்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். உடனே சிகிச்சை இல்லாமல் கண்காணிப்பில் வைத்த 545 பேரில் 17 பேர் இந்தப் புற்றுநோயால் இறந்தார்கள். ஒப்பரேஷன் குழுவின் 553 பேரில் 12 பேர். கதிர்ச்சிகிச்சைக் குழுவின் 545 பேரில் 16 பேர். எந்தக் குழுவை எடுத்தாலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். மாரடைப்பு, மற்ற நோய்கள் என்று வேறு காரணங்களால் இறந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு.

வித்தியாசமும் இருந்தது, அதை மறைக்கக்கூடாது. நோய் வேறு இடத்துக்குப் பரவியது கண்காணிப்புக் குழுவில் 51 பேருக்கு, ஒப்பரேஷன் குழுவில் 26 பேருக்கு, கதிர்க் குழுவில் 27 பேருக்கு. கண்காணிப்பில் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 61 பேர் அந்த 15 வருடத்துக்குள் ஏதோ ஒரு சிகிச்சைக்கு மாறினார்கள். அந்த ஆய்வில் கண்காணிப்பு என்பது பெரும்பாலும் பி.எஸ்.ஏ.யைப் பார்ப்பதுதான், எம்.ஆர்.ஐ. இல்லை. உங்களைவிடக் கூடிய தரம் உள்ளவர்களும் அதில் இருந்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

உயிர் விஷயத்தில் மூன்றும் இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது, சலம், மலம், தாம்பத்தியம், போக்குவரத்து, மனநிம்மதி இவற்றில் எதைத் தாங்குவீர்கள், எதைத் தாங்க மாட்டீர்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. அது உங்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் அவர் கேட்கிறார்.

பார்த்துக்கொண்டிருப்பதிலும் வேலை இருக்கிறது. முதல் வருடம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை பி.எஸ்.ஏ., பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. வருடத்துக்கு ஒரு விரல் பரிசோதனை. ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் எம்.ஆர்.ஐ., தேவையென்றால் திரும்பப் பயொப்சி. அதில் க்ளீசன் இலக்கம் 4 தலைகாட்டினால் அப்போது சிகிச்சை. இந்த வழியில் இறங்குவதற்கு முன்னும் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பயொப்சி ஊசி படாத இடத்தில் கூடிய தரம் இருந்துவிடலாம். பயொப்சி செய்த உடனே எடுத்தால் உள்ளே கசிந்த இரத்தம் படத்தைக் குழப்பும், ஆறு முதல் எட்டுக் கிழமை விடுவார்கள். பாருங்கள், அதற்குள் உங்கள் வெட்டும் முடிந்துவிடும்.

இரண்டு வகை ஆட்களுக்குக் கண்காணிப்பு சரிவராது. விதைப்புத் தொடங்கினால் வாடியே கதியென்று இருந்து கிளினிக் திகதியைத் தவறவிடுகிறவர் ஒருவர். இப்படிப் போனவர்கள் இரண்டு மூன்று வருடம் கழித்து முதுகு நோவோடு வந்ததைப் பார்த்திருக்கிறேன். மற்றவர், உள்ளே நோய் இருக்கிறது என்ற நினைப்பில் சாப்பாடு இறங்காமல், ஒவ்வொரு பி.எஸ்.ஏ.க்கும் முன் ஒரு கிழமை தூங்காமல் இருப்பவர். அவர் சிகிச்சையைக் கேட்டு வாங்கினால் அதைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் என்றால்? இந்த ரிப்போட், இந்த வயது, எம்.ஆர்.ஐ.யில் வேறொன்றும் இல்லை என்றால், கண்காணிப்பைத்தான் எடுப்பேன். திகதிகளைக் கலண்டரில் குறித்து, என்னை இழுத்துக்கொண்டு போகிற பொறுப்பை மகளிடம் கொடுப்பேன். உங்கள் மகன் அன்பால்தான் அவசரப்படுகிறான். தூரத்தில் இருப்பவனுக்கு ஏதாவது செய்தால்தான் மனம் ஆறும். ரிப்போட்டைப் படம் பிடித்து அனுப்பி, அங்கேயுள்ள ஒரு டொக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். குறைந்த ஆபத்துள்ள நோய்க்கு ஐரோப்பிய வழிகாட்டல்களும் முதலில் சொல்வது கண்காணிப்பைத்தான்.

கேள்வி: வயது 58. கடை நடத்துகிறேன். சீனி வருத்தம் உண்டு. பி.எஸ்.ஏ. 11, க்ளீசன் 3+4=7. ஒப்பரேஷன், அல்லது ஹோர்மோன் ஊசியோடு கதிர் என்று சொல்லியிருக்கிறார்கள். ஐந்து நேரமும் பள்ளிக்குப் போகிறவன் நான். ஒப்பரேஷனுக்குப் பிறகு சலம் சொட்டிக்கொண்டே இருக்கும் என்கிறார்கள். வுழூ (தொழுகைக்கு முன் செய்கிற சுத்தம்) நிற்காதே, எப்படித் தொழுவது? இதை நினைத்தே முடிவெடுக்க முடியவில்லை.
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: தம்பி, உங்களுடையது நடுத்தர ஆபத்துள்ள வகை. இதற்குச் சிகிச்சை எடுக்கச் சொன்னது நியாயம்தான், தள்ளிப்போட வேண்டாம். ஆனால் எது என்று யோசிக்கச் சில கிழமைகள் தாராளமாக உண்டு.

தொழுகையை நினைத்து முடிவெடுக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை டொக்டரிடமும் அப்படியே சொல்லுங்கள். நீங்கள் எதை இழக்க மாட்டீர்கள் என்று சொல்லாமல் டொக்டர் எப்படி வழிகாட்டுவார்? கசிவு பற்றி முன்சொன்ன ஆய்வில் இருப்பது இது: ஒப்பரேஷன் செய்து ஆறு மாதத்தில் நூற்றுக்கு 46 பேர் கசிவுக்குப் பேட் வைத்தார்கள். ஆறாவது வருடத்தில் அது 17 ஆகக் குறைந்தது. கதிர் எடுத்தவர்களில் அந்த நேரம் 4 பேர். அதாவது ஒப்பரேஷனில் முதல் மாதங்கள் கஷ்டம், பிறகு பெரும்பாலானோருக்குத் தேறும், ஒரு பகுதியினருக்கு மிஞ்சும். மிஞ்சுவதும் பலருக்கு இருமும்போது, தும்மும்போது, அரிசி மூடை தூக்கும்போது வருகிற சொட்டுத்தான், நாள் முழுக்க ஓடுவது குறைவு. தொழுகையில் குனிந்து எழும்பும்போது வருமா என்று கேட்பீர்கள். முதல் மாதங்களில் வரும்.

அதற்கு ஒரு பயிற்சி உண்டு, ஒப்பரேஷனுக்குக் காத்திருக்கும்போதே தொடங்க வேண்டும். காற்றை அடக்குவதற்கு இறுக்குகிற தசை இருக்கிறதே, அதை இறுக்கிப் பத்து வினாடி வரை பிடித்து விடுவது. ஒரு தடவைக்குப் பத்து, நாளுக்கு மூன்று வேளை. தொடக்கத்தில் பத்து வினாடி பிடிக்க முடியாது, முடிந்ததைப் பிடியுங்கள். வயிற்றையும் தொடையையும் இறுக்கக்கூடாது, மூச்சைப் பிடிக்கக்கூடாது. பிசியோதெரபி செய்கிறவர் ஒருவரிடம் ஒரு தடவை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மார்க்க விஷயத்தில் நான் சட்டம் சொல்லத் தகுந்தவன் இல்லை. ஆனால் வார்டுக்கு நோயாளிகளைப் பார்க்க வந்த மௌலவிமார் சொல்லக் கேட்டிருக்கிறேன்: சலம் கசிந்துகொண்டே இருக்கிறவருக்குச் சலுகை உண்டு. தொழுகை நேரம் வந்த பிறகு சுத்தம் செய்து, புதிதாகப் பேட் வைத்து, அந்தத் தொழுகைக்கென்று வுழூ செய்து தொழ வேண்டும். பிறகு கசிந்தாலும் தொழுகை கூடும் என்றார்கள். சிகிச்சையைத் தெரிவுசெய்வதற்கு முன்னாலேயே உங்கள் பள்ளி மௌலவியிடம் போய் விவரமாகக் கேளுங்கள். கேட்டபின் அந்தப் பயம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகு எடுக்கிற முடிவு தெளிவாக இருக்கும்.

கதிரில் சலக் கசிவு குறைவு என்றாலும் வேறு தொல்லை உண்டு. குதம் பக்கத்திலேயே இருப்பதால் அவசரமாகப் போக வருவது, மலத்தில் இரத்தம், சிலருக்கு மலக் கசிவு. அதே ஆய்வில் 12ஆம் வருடத்தில் மலக் கசிவு கதிர் எடுத்தவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கு, மற்ற இரு குழுவிலும் 6 பேருக்கு. தொழுகையை நினைப்பவர் இதையும் சேர்த்துத்தான் நிறுக்க வேண்டும். ஹோர்மோன் ஊசி உங்கள் வகைக்குப் பொதுவாக ஆறு மாதம் வரை கொடுப்பார்கள். உடம்பு திடீரெனச் சூடேறி வியர்க்கும், ஆசை குறையும், எடை கூடும், சீனியும் கூடும். உங்களுக்குச் சீனி வருத்தம் இருப்பதால் அந்தக் கிளினிக்கிலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, கடையை யார் பார்ப்பது? கதிர் இப்போது பல இடங்களில் 20 தடவை, திங்கள் முதல் வெள்ளி வரை நான்கு கிழமை. பழைய முறையில் ஏழு எட்டுக் கிழமை போகும். சலப்பை நிரம்பியிருக்க வேண்டும் என்பதால் தண்ணீர் குடித்துவிட்டு முறை வரும் வரை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும், ஒவ்வொரு நாளும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. உங்களுக்குத் தேவையான முறைக்கு அங்கேயே இடம் கிடைக்குமா, மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போக வேண்டிவருமா என்று கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு இல்லை. ஆனால் தங்குமிடம், சாப்பாடு, பஸ், கூட நிற்கிற ஆளின் நாட்சம்பளம் என்று செலவு இருக்கிறது.

ஒப்பரேஷன் செய்கிற நிபுணரை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம், கதிர் கொடுக்கிற புற்றுநோய் நிபுணரையும் பாருங்கள். முதலாமவரிடம் கேட்க வேண்டியது: வருடத்துக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள், உங்கள் நோயாளிகளில் எத்தனை பேர் ஒரு வருடத்துக்குப் பிறகும் பேட் வைக்கிறார்கள்? மரியாதையாகக் கேட்டால் கோபிக்க மாட்டார்கள். ஒப்பரேஷனுக்குப் பிறகு நோய் திரும்பினால் கதிர் கொடுக்கலாம். கதிர் எடுத்த இடத்தில் பிறகு ஒப்பரேஷன் செய்வது மிகக் கடினம். வயது குறைந்தவர்களுக்கு ஒப்பரேஷனைச் சொல்வதில் இது ஒரு காரணம்.

கேள்வி: என் கணவருக்கு 61 வயது. ஆரம்பப் புற்றுநோய், க்ளீசன் 3+4. ஒப்பரேஷனுக்கு இரண்டு தடவை திகதி கொடுத்தும் போகவில்லை. வீட்டில் யாரோடும் கதைப்பதில்லை. விறாந்தையில் பாய் போட்டுத் தனியாகப் படுக்கிறார். ‘ஆண்மை போய்விடும்’ என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று என் தம்பி மூலம் தெரிந்தது. கிளினிக்குக்கு என்னை வரவேண்டாம் என்கிறார். பெண்ணாகிய நான் டொக்டரிடம் இதைக் கேட்கலாமா?
– ஆரையம்பதி வாசகி

பதில்: கேட்கலாம் தங்கச்சி. நீங்கள் போக வேண்டும்.

கிளினிக்கில் நான் திரும்பத் திரும்பக் கண்டது இது. டொக்டர், “வேறு ஏதாவது கேட்க இருக்கிறதா?” என்பார். நோயாளி “ஒன்றுமில்லை சேர்” என்று சொல்லிவிட்டு எழும்பி வருவார். வெளியே வந்து, கதிரையில் ஆட்கள் இல்லாத பக்கமாக என்னைக் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்தி அந்தக் கேள்வியைக் கேட்பார். அறுபது, எழுபது வயதிலும் கேட்பார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

உண்மையைச் சொல்கிறேன். புரொஸ்டேட்டின் இரு பக்கத்தாலும் ஆணுறுப்பை எழும்பச் செய்கிற மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. 1982இல் அமெரிக்காவில் பட்ரிக் வோல்ஷ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அந்த நரம்புகளைக் காத்துச் செய்கிற முறையைத் தொடங்கிவைத்தார். நோய் நரம்புப் பக்கம் போகாமல் இருந்தால் அவற்றை விட்டுவைக்கலாம். விட்டுவைத்தாலும் அவை அதிர்ந்துபோயிருக்கும், தேற ஒரு வருடம், இரண்டு வருடம் எடுக்கும். முன்சொன்ன ‘ப்ரொடெக்ட்’ ஆய்வில், தொடக்கத்தில் நூற்றுக்கு 67 பேருக்கு உறவுக்குப் போதுமான விறைப்பு இருந்தது. ஆறு மாதத்தில் ஒப்பரேஷன் குழுவில் 12 பேருக்கும், கதிர் குழுவில் 22 பேருக்கும், கண்காணிப்புக் குழுவில் 52 பேருக்கும்தான் மிஞ்சியது. ஆறாவது வருடத்தில் 17, 27, 30. வயது போகப்போகச் சிகிச்சை எடுக்காதவர்களுக்கும் குறைந்துவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். ஒப்பரேஷனுக்குப் பிறகு விந்து வராது, பிள்ளை உண்டாகாது. ஆனால் ஆசையும் உச்ச உணர்வும் பெரும்பாலும் இருக்கும். விறைப்புக்கு மாத்திரை உண்டு, வெற்றிடக் கருவி உண்டு. ஒரு எச்சரிக்கை: நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழே வைக்கிற மாத்திரை பாவிக்கிறவர் இந்த மாத்திரையை எடுக்கவே கூடாது, இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும். பாமசியில் கேட்டு வாங்குகிற வேலை வேண்டாம்.

அவரிடம் எப்படிக் கதைப்பது? “நீங்கள் உயிரோடு இருந்தால் எனக்குப் போதும்” என்று மனைவிமார் சொல்வார்கள். மனதிலிருந்து வருகிற சொல்தான். ஆனால் அவருக்கு அது, தனக்கு ஏற்படப்போகிற இழப்பை யாரும் ஒரு இழப்பாகவே எண்ணவில்லை என்று கேட்டுவிடும். அதற்குப் பதிலாக, தம்பி சொல்லித் தெரிந்துகொண்டேன், எனக்கும் அது முக்கியம்தான், இரண்டு பேருமாகப் போய்க் கேட்போம் என்று சொல்லிப் பாருங்கள். வாயால் சொல்லக் கூச்சம் என்றால் ஒரு துண்டில் எழுதி டொக்டரிடம் நீட்டலாம்: நரம்பைக் காக்க முடியுமா, ஒரு பக்கமா இரண்டு பக்கமா, கதிர் எடுத்தால் எப்படி, எனக்குக் கண்காணிப்பு சரிவருமா? 3+4இலும் நோய் குறைவாகவும் பி.எஸ்.ஏ. 10க்குக் கீழும் இருக்கிற சிலரைக் கண்காணிப்பில் வைப்பது உண்டு. டொக்டருக்கு நேரம் இல்லாவிட்டால் கிளினிக்கில் உள்ள தாதியிடம் சொல்லுங்கள், ஒழுங்கு செய்து தருவார்.

ஒப்பரேஷன் வேண்டாம் என்பது அவருடைய உரிமை. அப்படியென்றால் அதை டொக்டரிடம் சொல்லி வேறு வழி கேட்க வேண்டும். இப்போது நடப்பது அதுவும் இல்லை. திகதிக்கும் போகவில்லை, பி.எஸ்.ஏ.யும் பார்க்கவில்லை என்றால் அந்த நோயை யாருமே கவனிக்கவில்லை. என் கவலை அதுதான்.

கேள்வி: பயொப்சி ஊசி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்கிறார்களே? எங்கள் ஊரில் ஒரு நாட்டு வைத்தியரிடம் கஷாயம் குடித்து ஒருவருக்கு ஐந்து வருடமாக ஒன்றும் இல்லை.
– வாழைச்சேனை வாசகர்

பதில்: புரொஸ்டேட் பயொப்சியால் நோய் பரவிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. கிருமித் தொற்று வரலாம், சலத்திலும் விந்திலும் சில காலம் இரத்தம் வரலாம். பயொப்சிக்குப் பிறகு குளிர்க் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், விடியட்டும் என்று இருக்கக்கூடாது.

கஷாயம் குடித்தவரின் க்ளீசன் என்ன? 3+3 என்றால் ஒன்றும் குடிக்காமலே ஐந்து வருடம், பத்து வருடம் அப்படியே இருந்திருக்கக்கூடும். அந்தப் பெயர் கஷாயத்துக்குப் போகிறது. அதை நம்பி 4+4 உள்ள இன்னொருவர் சிகிச்சையை விட்டுவிடுகிறார் என்பதுதான் எனக்குப் பொறுக்காதது. குடிப்பதென்றால் டொக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள், பி.எஸ்.ஏ.யை விடாமல் பாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. பைபாஸ் செய்தவர், நடந்தால் மூச்சு வாங்குகிறது. பி.எஸ்.ஏ. 9, க்ளீசன் 6. ஒப்பரேஷனும் இல்லை, கதிரும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வயது போனவர் என்று கைவிட்டுவிட்டார்களா?
– திருக்கோவில் வாசகி

பதில்: இல்லை மகள். உங்கள் அப்பாவுக்கு நல்லதைத்தான் செய்திருக்கிறார்கள். இந்தத் தரத்து நோய் ஆளுக்குத் தொல்லை கொடுக்கப் பொதுவாகப் பத்து வருடத்துக்கு மேல் எடுக்கும். ஒப்பரேஷனின் பாரமும் கதிரின் தொல்லையும் இந்த வருடமே வரும். அதனால்தான் இன்னும் பத்து வருடம் நலமாக இருக்கக்கூடியவரா என்று பார்த்துத்தான் இவற்றைச் சொல்வார்கள். இருதயம் பலவீனமான ஒருவரை மயக்கி நீண்ட நேர ஒப்பரேஷன் செய்வதில் நன்மையைவிட ஆபத்து அதிகம்.

அப்பாவுக்குத் திரும்பத் திரும்பப் பயொப்சியும் வேண்டியிராது. இடைக்கிடை பி.எஸ்.ஏ., சலம் போவது எப்படி என்று பார்ப்பது, அவ்வளவுதான். நீங்கள் கவனிக்க வேண்டியவை: குறையாத முதுகு அல்லது இடுப்பு எலும்பு நோவு, சலம் அடைத்துக்கொள்வது, சலத்தில் இரத்தம், எடை இறங்குவது. இவை வந்தால் திகதி வரும் வரை இருக்காமல் கூட்டிப்போங்கள். கால் பலம் திடீரெனக் குறைந்தால் அன்றே. மற்றபடி அவருடைய இருதய மாத்திரைகளை ஒழுங்காகக் கொடுங்கள். இப்போது அவர் உயிரைக் காப்பது அவைதான்.

கேள்வி: அப்பாவுக்கு 62இல் புரொஸ்டேட் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். எனக்கு 44. நானும் பார்க்க வேண்டுமா?
– கல்முனை வாசகர்

பதில்: தகப்பனுக்கோ சகோதரனுக்கோ வந்திருந்தால் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 45 வயதிலிருந்து பி.எஸ்.ஏ. பார்ப்பது பற்றி டொக்டரிடம் கதைக்கலாம். அம்மா வழியில் மார்புப் புற்றுநோய், சூலகப் புற்றுநோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள், ஒரே மரபணுக் குறையால் இவை வரலாம். இரத்தம் கொடுப்பதற்கு முன் இரண்டு நாள் உறவும் சைக்கிள் ஓட்டமும் வேண்டாம். சலத்தில் கிருமி வந்திருந்தால் மாறி ஆறு கிழமை கழித்துக் கொடுங்கள். இலக்கம் கூடி வந்தால் உடனே பயொப்சிக்கு ஓடாமல் சில கிழமை விட்டு இன்னொரு தடவை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.